வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பாடகன்: 'கன்ட்ரோல்' படம் பற்றிக் கேள்விகளும் பதில்களும்

2007-இல் வெளிவந்த 'கன்ட்ரோல்' படத்தை யாரிடம் சிபாரிசு செய்தாலும், பார்த்துவிட்டுக் கேள்விகளோடு திரும்பி வருகிறார்கள். சிலர் பார்ப்பதற்கு முன்பே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். இது உண்மையில் வாழ்ந்த ஒருவரின் கதை, முடிவு ஊரறிந்தது. அதனால் அதை மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை.

முதலில், இது யாருடைய கதை?

இயன் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயப் பாடகரின் கதை. மான்செஸ்டர் பக்கத்து 'ஜாய் டிவிஷன்' இசைக்குழுவில் பாடியவர், பாடல் வரிகளை எழுதியவரும் அவரே. 1956 ஜூலை 15-இல் பிறந்து 1980 மே 18-இல் இறந்தார். இருபத்து மூன்றே வயது. பத்தொன்பது வயதில் கல்யாணம், இருபத்திரண்டில் அப்பா, அதற்கு முன்பே வலிப்பு நோய். குழுவின் முதல் ஆல்பம் 1979 ஜூனில் வந்தது. இரண்டாவது 1980 ஜூலையில் வந்தபோது அவர் இல்லை.

வளர்ந்ததும் குடித்தனம் நடத்தியதும் மேக்கிள்ஸ்ஃபீல்டு என்ற ஊரில். மான்செஸ்டருக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பட்டு ஆலைகளுக்குப் பேர்போன சிற்றூர். படம் 1973-இல் தொடங்குகிறது. சிகரெட், கவிதை, டேவிட் போவி ரெக்கார்டு என்று அறைக்குள் அடைந்து கிடக்கும் பள்ளிக்கூடப் பையனாக அவரைப் பார்க்கிறோம்.

ஜாய் டிவிஷன் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. படம் புரியுமா?

புரியும். என்னோடு பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனாலும் முன்னதாக நான்கு பாட்டு கேட்டுவிட்டுப் போனால் நல்லது: 'ட்ரான்ஸ்மிஷன்', 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்', 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்', 'அட்மாஸ்ஃபியர்'. இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

கேட்கும்போது பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். வழக்கமாக அது அடியில் முணுமுணுத்துக்கொண்டு கிடக்கும் வாத்தியம். இங்கே பீட்டர் ஹுக் மேல் ஸ்வரங்களில் வாசிப்பார், மெட்டே அதில்தான் இருக்கும். ஆரம்ப நாட்களில் அவரிடம் இருந்த ஆம்ப்ளிஃபையர் சுமார் ரகம், கீழ் ஸ்வரங்களை வாசித்தால் அவருக்கே காதில் விழாது, அதனால் மேலே ஏறினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கறுப்பு வெள்ளையில் ஏன் எடுத்தார்கள்? பழைய காலம் என்று காட்டவா?

அது மட்டுமல்ல. இயக்குநர் ஆண்டன் கோர்பைன் அடிப்படையில் புகைப்படக் கலைஞர், நெதர்லாந்துக்காரர். ஜாய் டிவிஷனின் இசையில் மயங்கி 1979-இல் இங்கிலாந்துக்கே குடிபெயர்ந்தவர். வந்த சில வாரங்களில் லண்டனின் லங்காஸ்டர் கேட் சுரங்க ரயில் நிலையத்தில் அந்த நால்வரையும் படம் எடுத்தார். மூன்று பேர் முதுகைக் காட்டியபடி சுரங்கப்பாதைக்குள் நடந்து போகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கிறார். அவர்தான் இயன். எடுத்தபோது அது வெறும் குழுப் படம். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

அந்தக் குழுவின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. மற்றவர்கள் மனதிலும் அவர்கள் அப்படியே பதிந்துவிட்டார்கள். கோர்பைன் தன் நினைவில் இருந்த நிறத்திலேயே படத்தை எடுத்தார். (உண்மையில் கலர் ஃபிலிமில் எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றினார்கள்.) ஒளிப்பதிவு மார்ட்டின் ரூஹே. ஒவ்வொரு பிரேமையும் நிறுத்தி ஃப்ரேம் போட்டு மாட்டலாம். அது ஒரு குறையும்கூட, அதைப் பிறகு சொல்கிறேன்.

கோர்பைனுக்கு இது முதல் முழுநீளப் படம். தயாரிப்புக்குச் சொந்தப் பணத்தைப் போட்டார். அதற்கு முன்னால் அவர் எடுத்தவை மியூசிக் வீடியோக்கள். 1988-இல் 'அட்மாஸ்ஃபியர்' பாட்டு மறுபடி வெளியானபோது அதற்கு வீடியோ எடுத்ததும் இவரே. முக்காடு போட்ட சின்ன உருவங்கள் இயனின் பெரிய படங்களைச் சுமந்துகொண்டு கடற்கரையோரம் ஊர்வலம் போவார்கள். 'கன்ட்ரோல்' முடிவதும் அதே பாட்டோடுதான்.

மேடையில் நடிகர்களே பாடுகிறார்களா, வாயசைப்பா?

அவர்களேதான் வாசிக்கிறார்கள், பாடுகிறார்கள். முதலில் வாயசைப்பாக எடுப்பதாகத்தான் திட்டம். ஒத்திகை பார்த்துப் பார்த்து அவர்களே ஒரு குழுவாகத் தேறிவிட்டதால் மேடைக் காட்சிகளை நேரடியாகப் பதிவு செய்தார்கள். வீட்டிலும் தெருவிலும் பின்னணியில் ஒலிக்கும்போது அசல் பதிவுகளைக் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவில்லை.

இயனாக நடித்தவர் சாம் ரைலி. லீட்ஸ் நகரத்தில் ஒரு ராக் குழுவில் பாடி, அது கலைந்து, கிடங்கு ஒன்றில் சட்டை மடித்து வைக்கும் வேலையில் இருந்தவர். அந்த நடனத்தை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். கால்கள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே ஓடும். முழங்கைகள் விலாவில் ஒட்டிக்கொண்டு, முன்னங்கைகள் மட்டும் சுற்றும், இரண்டு பக்கமும் யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி. கண் எங்கோ தூரத்தில் நிலைகுத்தி இருக்கும். பாட்டு உச்சத்துக்குப் போகப் போக இது நடனமா, இல்லை வேறு ஏதோ ஆரம்பிக்கிறதா என்ற சந்தேகம் நமக்கே வரும். அன்று அரங்கில் நின்றவர்களுக்கும் அதே சந்தேகம்தான்.

பாடகர் சரி. அவர் அரசாங்க வேலையும் பார்த்தாரா?

பார்த்தார். எனக்கு இந்தப் படம் பிடித்துப்போனதற்கே அதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ராக் பாடகர்கள் பற்றிய படங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. சோகமான சிறுவயது, திடீர்ப் புகழ், போதை, வீழ்ச்சி. இதில் அது எதுவுமே பொருந்தாது. இயன் கர்ட்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் ஊழியர். உடல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தோதான வேலை தேடித் தருவது அவர் பிரிவின் பொறுப்பு. இரவு மான்செஸ்டரில் கச்சேரி, பின்னிரவில் வீடு, காலையில் டை கட்டிக்கொண்டு மேஜை. 1979 இலையுதிர் காலத்தில் பஸ்காக்ஸ் குழுவோடு நாடு முழுக்கச் சுற்றுப்பயணம் போக வேண்டி வந்தபோதுதான் வேலையை விட்டார். அதாவது அவருடைய இசை வாழ்க்கையில் பெரும்பகுதி, மாதச் சம்பளக்காரராக இருந்தபோதே நடந்தது.

அந்த அலுவலகத்துக்கு வேலை தேடி வந்தவர்களில் வலிப்பு நோய் உள்ள ஓர் இளம்பெண்ணும் இருந்தார். படத்தில் இயனின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. நாற்காலி சரிகிறது, இயன் எழுந்து ஓடி வருகிறார். பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்துத் தொலைபேசியில் கூப்பிட்டால், அவர் இறந்துவிட்டார் என்று பதில் வருகிறது. 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பிறந்தது இப்படித்தான். படத்தின் தலைப்பும் அதிலிருந்து வந்ததே. கொஞ்ச காலத்தில் இயனுக்கே அந்த நோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பக்கம் போய்விட்டார். இதைக் கற்பனையாக யாராவது எழுதியிருந்தால் 'ரொம்பச் செயற்கை' என்று நாமே சொல்லியிருப்போம்.

வலிப்பு எப்போது தொடங்கியது? அதுதான் உயிரைக் குடித்ததா?

1978 டிசம்பர் 27. ஜாய் டிவிஷன் லண்டனில் முதன்முதலாக வாசித்த இரவு, 'ஹோப் அண்ட் ஆங்கர்' என்ற பப்பின் நிலவறையில். கூட்டமும் சொற்பம். காரில் ஊர் திரும்புகிறார்கள், குளிர், ஒரு ஸ்லீப்பிங் பேகுக்காக உள்ளே இழுபறி. அந்த இழுபறியில்தான் முதல் பெரிய வலிப்பு. அடுத்த மாதமே நோய் உறுதியாகிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது, படமும் சொல்ல முயலவில்லை. சில விஷயங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அன்றைக்கு வலிப்புக்கு இருந்த மருந்துகளில் ஃபீனோபார்பிடோன் போன்றவை மனச்சோர்வை உண்டாக்கக் கூடியவை. எந்த மருந்து யாருக்கு ஒத்துவரும் என்பதைக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேரத்துக்குத் தூக்கம் வேண்டும், குடி கூடாது, உடம்பை அலட்டக் கூடாது. ஒரு ராக் குழுவின் பாடகருக்கு இந்த மூன்றில் எது முடியும்? போதாக்குறைக்கு வீட்டில் கைக்குழந்தை. மகள் நடாலி பிறந்தது 1979 ஏப்ரலில். வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் குழந்தையைத் தூக்கவே தயங்கும் அப்பா. அப்புறம் இன்னொரு பெண் மீது காதல், மனைவிக்குத் துரோகம் செய்கிறோம் என்ற குற்ற உணர்வு, அமெரிக்கச் சுற்றுப்பயணம் நெருங்கும் பதற்றம். எது எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

படம் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்கிறது. நோய்தான் கலையைக் கொடுத்தது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அவருடைய நல்ல பாடல்களில் பல, நோய் தெரிய வருவதற்கு முன்பே உருவானவை. அந்த நடனமும் முன்பே இருந்தது. நோய் எடுத்துக்கொண்டதுதான் அதிகம்.

ஒரு சின்ன இடைச்செருகல். வலிப்புக் காட்சி வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் யாராவது "சாவியைக் கையில கொடுக்கலாமே" என்பார்கள். இரும்பைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அது பெரும்பாலும் தானாகவே சில நிமிடங்களில் அடங்கும், சாவி வந்த நேரமும் அதுவாக இருந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, வாய்க்குள் எதையும் நுழைக்காமல் கூடவே இருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

இது மனைவி எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்த படமாமே? அப்படியென்றால் ஒருதலைப்பட்சமாக இருக்காதா?

வேடிக்கை என்னவென்றால், ஒருதலைப்பட்சமாக இருந்தால் மனைவி பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? இங்கே தலைகீழ்.

டெபோரா கர்ட்டிஸ் 1995-இல் 'டச்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்' என்ற பெயரில் தன் நினைவுகளை எழுதினார். அதுதான் படத்துக்கு அடிப்படை, திரைக்கதை மேட் கிரீன்ஹால்ஷ். புத்தகத்தில் வரும் இயன் எளிதில் நேசிக்கக்கூடிய மனிதர் இல்லை. பொறாமைக்காரர், கட்டுப்படுத்துபவர், திடீரென்று கோபப்படுபவர். கச்சேரி, பேட்டி, பாராட்டு என்று வெளியே ஓர் உலகம் அவருக்குத் திறந்தது. மனைவி வீட்டில் குழந்தையோடு, கையில் காசில்லாமல், அந்த உலகத்துக்குள் அழைக்கப்படாமல் கிடந்தார். அந்தக் கசப்பு பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

படத்தில் இதெல்லாம் மெலிந்துவிட்டது. கேமரா இயனைவிட்டு அகல மறுக்கிறது. டெபோராவாக நடித்த சமந்தா மார்ட்டன் மட்டும் இல்லையென்றால் அந்தப் பாத்திரம் 'வீட்டில் காத்திருக்கும் மனைவி' என்று முடிந்திருக்கும். அவர் அதை விடவில்லை. கணவனுக்கு வேறொரு பெண் இருப்பது தெரிந்த பிறகு அவர் வீட்டைத் துழாவித் தேடும் இடத்தைப் பாருங்கள். அட்டைப் பெட்டிகள், ரெக்கார்டு உறைகள், காகிதங்கள், எல்லாம் தரையில். வசனமே கிடையாது. கைகளின் வேகம் மட்டும்தான் கூடிக்கொண்டே போகிறது.

அந்த இன்னொரு பெண் ஆனிக் ஹொனோரே, பெல்ஜியத்துக்காரர், லண்டனில் பெல்ஜியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். படத்தில் அலெக்ஸாண்ட்ரா மரியா லாரா. தங்களுக்குள் இருந்தது உடல் சாராத உறவு என்று ஆனிக் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். படம் அதைக் காதலாகவே காட்டுகிறது. அவர் 2014-இல் காலமானார்.

டெபோரா படத்தின் இணைத் தயாரிப்பாளர்களில் ஒருவர். அதனால் 'அவருக்குத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள்' என்று சொல்ல முடியாது. ஆனாலும் படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் படித்தால்தான் கணக்கு நேராகும் என்பது என் அபிப்பிராயம். மகள் நடாலி புகைப்படக் கலைஞரானார். படப்பிடிப்புக்குப் போய், கச்சேரிக் காட்சியொன்றில் கூட்டத்தில் ஒருவராக நின்றும் இருக்கிறார். அப்பா இறந்தபோது அவருக்கு ஒரு வயது.

எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் சேர்த்தது?

பெரிய விஷயங்கள் எல்லாம் நடந்தவையே. சில்லறை மாற்றங்கள் உண்டு.

டிவி காட்சியில் குழு 'ட்ரான்ஸ்மிஷன்' வாசிக்கிறது. 1978 செப்டம்பரில் கிரானடா டிவியில் அவர்கள் உண்மையில் வாசித்தது 'ஷேடோபிளே'. சினிமாவுக்கு முதல் பாட்டுதான் சரி என்று இயக்குநர் நினைத்திருக்க வேண்டும், நானும் அவர் பக்கம்தான். அந்த வாய்ப்புக்கு முன்னால் டிவிக்காரரும் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியை நடத்தியவருமான டோனி வில்சனிடம் இயன் ஒரு சீட்டில் கெட்ட வார்த்தை எழுதிக் கொடுப்பாரே, அது நடந்தது. 'எல்லாக் குழுவையும் காட்டுகிறாய், எங்களை மட்டும் ஏன் காட்டவில்லை' என்பதுதான் கோபம்.

குழுவோடு வில்சன் ரத்தத்தில் ஒப்பந்தம் எழுதுவது? ஃபேக்டரியைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் கதை, வில்சனே சொல்லிக்கொண்டு திரிந்த கதை. சாரம் இதுதான்: எல்லாம் இசைக்கலைஞர்களுக்குச் சொந்தம், கம்பெனிக்கு ஒன்றுமில்லை. ஒரு முதலாளி இப்படி எழுதினால் கம்பெனி என்ன ஆகும்? 1992-இல் திவாலானது.

குழுவில் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் இயனை ஹிப்னாடிசம் செய்வதும் நடந்ததே, ஒலிநாடா இருக்கிறது. 1980 ஏப்ரலில் பரி ஊரில் இயன் பாட முடியாமல் வேறு ஒருவர் மேடையேற, ரசிகர்கள் கொதித்துப் பாட்டில்கள் பறந்த ரகளையும் நடந்தது.

ஜாய் டிவிஷன் என்ற பெயருக்கும் நாஜிகளுக்கும் என்ன சம்பந்தம்?

நாஜி வதை முகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பிரிவுக்கு ஒரு நாவலில் கொடுக்கப்பட்ட பெயர் அது. முதலில் 'வார்சா' என்று இருந்தவர்கள் 1978 தொடக்கத்தில் இந்தப் பெயருக்கு மாறினார்கள். நாஜி அனுதாபிகளோ என்று அன்றே பலரும் சந்தேகப்பட்டார்கள். அதிர்ச்சி கொடுக்க நினைத்த இருபது வயதுப் பையன்களின் யோசனை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நல்ல யோசனை இல்லை. படம் இதை மேலோட்டமாகத் தாண்டிப் போய்விடுகிறது, இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

டி-ஷர்ட்டுகளில் வரும் அந்த மலைத்தொடர் போன்ற வெள்ளைக் கோடுகள் இவர்களுடையதா?

ஆமாம், முதல் ஆல்பமான 'அன்நோன் பிளெஷர்ஸ்' அட்டை. அது மலையும் இல்லை, இதயத்துடிப்பும் இல்லை. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் பல்சார் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வரைபடம். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்ததைக் குழுவினர் பார்த்துக் கொடுக்க, பீட்டர் சேவில் அட்டையாக வடிவமைத்தார். டி-ஷர்ட் போட்டிருப்பவரிடம் "எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். நான் கேட்டிருக்கிறேன், ஒரு நட்பு கெட்டது.

சிரிக்க ஏதாவது இருக்கிறதா, இல்லை முழுக்க அழுகையா?

எதிர்பார்த்ததைவிட நிறைய இருக்கிறது. மேனேஜர் ராப் கிரெட்டனாக வரும் டோபி கெபெல் வாயைத் திறந்தாலே வசவு, வசவு எல்லாமே நகைச்சுவை. மேடையிலேயே வலிப்பு வந்து சுருண்டு கிடக்கும் இயனைத் தேற்ற அவர் சொல்வது: இதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம், 'தி ஃபால்' என்ற இன்னொரு மான்செஸ்டர் குழுவின் பாடகனாக நீ பிறந்திருக்கலாம். அந்த இடத்தில் வேறு எந்த ஆறுதலும் எடுபட்டிருக்காது. ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டே இருக்கும் நான்கு பையன்கள். அதனாலேயே கூட இருப்பவன் உள்ளே நொறுங்குவதை யாரும் கவனிக்கவில்லை. பாடல் வரிகளில் எல்லாமே இருந்தது, நாங்கள் ஒழுங்காகக் காது கொடுக்கவில்லை என்று சம்னரும் ட்ரம்ஸ் வாசித்த ஸ்டீபன் மோரிஸும் பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

முடிவு எப்படிக் காட்டப்படுகிறது? பார்க்கும் மனநிலை எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டுப் பார்ப்பதே சரி. இயன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அமெரிக்காவுக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய தினம். அந்த இரவு வீட்டில் தனியாக இருந்து டிவியில் வெர்னர் ஹெர்சாகின் 'ஸ்ட்ரோசெக்' படத்தைப் பார்த்தார், இக்கி பாப்பின் ரெக்கார்டு கேட்டார். படம் இதுவரைக்கும் உள்ளே வருகிறது. அதற்குப் பிறகு நடந்ததைக் காட்டவில்லை. காலையில் டெபோரா வீட்டுக்குள் போகிறார், நாம் தெருவிலேயே நிற்கிறோம், அலறல் மட்டும் கேட்கிறது. அப்புறம் தகன மேடையின் புகைபோக்கி. மேலே எழும் புகையோடு கேமராவும் எழுகிறது.

கோர்பைன் எடுத்த முடிவுகளில் இதுதான் ஆகச் சிறந்தது என்பேன். இருந்தாலும் கனமானது. வீட்டில் யாரையாவது இப்படி இழந்திருந்தால், அல்லது உங்களுக்கே மனது சரியில்லாத நாட்களாக இருந்தால், இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், படம் எங்கும் ஓடிவிடாது. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால், இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். காரணம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. வசவுகளும் புகையும் தனி.

'24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' பார்த்துவிட்டேன். அதே கதைதானே?

அதே ஊர், அதே ஆட்கள், வேறு பார்வை. 2002-இல் வந்த அந்தப் படத்தின் நாயகன் டோனி வில்சன், இயன் அதில் முதல் பாதியோடு முடிந்துவிடும் ஓர் அத்தியாயம். மான்செஸ்டர் என்ற நகரம் எப்படி இசையால் எழுந்து ஆடியது என்பதைக் கேலியும் கும்மாளமுமாகச் சொல்லும். 'கன்ட்ரோல்' ஊரைவிட்டு ஒரு வீட்டுக்குள் போகிறது. இரண்டையும் பாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். ஆவணப்படமாகத்தான் வேண்டும் என்றால் கிராண்ட் ஜீ எடுத்த 'ஜாய் டிவிஷன்' இருக்கிறது, அதுவும் 2007தான். அதில் ஆனிக்கே பேசுகிறார்.

விருது ஏதாவது?

2007 மே 17 அன்று கான் திரைப்பட விழாவில், இயக்குநர்களின் இருவாரப் பிரிவைத் தொடங்கி வைத்த படம் இது. மறுநாள் இயனின் இருபத்தேழாவது நினைவு நாள். அங்கே பரிசுகளும் வாங்கியது. பிறகு பிரிட்டிஷ் சுதந்திரத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் உள்பட ஐந்து. டோனி வில்சன் அந்த ஆகஸ்டிலேயே புற்றுநோயோடு இருந்த நிலையில் இறந்துபோனார். பிரிட்டனில் தியேட்டருக்குப் படம் வருவதற்குள்.

உங்களுக்குப் பிடிக்காதது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ஒன்று முன்பே சொன்னது, டெபோராவுக்குச் சேர வேண்டிய இடம் சேரவில்லை. இன்னொன்று அந்த அழகு. மேக்கிள்ஸ்ஃபீல்டின் ஈரத் தெருவும், கூரைகளும், சாம்பல் வானமும் அவ்வளவு அழகாக இருந்தால், அங்கிருந்து தப்பிக்க ஒருவன் ஏன் துடித்தான் என்று எப்படி நம்புவது? வறுமைகூடப் பத்திரிகை அட்டை மாதிரித் தெரிகிறது. அப்புறம் மார்ட்டின் ஹானட். அந்தக் குழுவின் ஒலியை ஸ்டூடியோவில் செதுக்கிய தயாரிப்பாளர் அவர். ட்ரம்ஸை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பதிவு செய்யச் சொல்லி ஸ்டீபன் மோரிஸை வாட்டியெடுத்தவர். ஒலிப்பதிவு அறையில் ட்ரம்ஸுக்குப் பதிலாக ஸ்ப்ரே டப்பாவை மோரிஸ் அடித்துக்கொண்டிருக்கும் காட்சியைத் தவிர, அந்தப் பக்கம் படம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது ஓர் ஏக்கம். மற்றவர்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

மிச்சம் மூவரும் என்ன ஆனார்கள்?

நால்வரில் ஒருவர் போனாலும் அந்தப் பெயரில் தொடர்வதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். அதன்படி பெயரை விட்டுவிட்டு 'நியூ ஆர்டர்' ஆனார்கள். சம்னர் பாட ஆரம்பித்தார், கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். 1983-இல் வந்த 'ப்ளூ மண்டே' நடன அரங்குகளைக் கலக்கியது. 'கன்ட்ரோல்' படத்துக்குப் பின்னணி இசைத் துணுக்குகள் கொடுத்ததும் நியூ ஆர்டர்தான். பிற்பாடு ஹுக் தனியே பிரிந்து, வழக்கு வரைக்கும் போனது வேறு கதை.

'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' 1980 கோடையில் பிரிட்டிஷ் பட்டியலில் பதின்மூன்றாம் இடம் பிடித்தது, அவர்களுடைய முதல் வெற்றி. அந்தப் பெயரையே டெபோரா கணவரின் நினைவுக்கல்லில் பொறிக்கச் செய்தார். 2008-இல் அந்தக் கல்லையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு கல் வைத்தார்கள்.

ஒரே ஒரு காட்சியை மறுபடி பார்ப்பதென்றால்?

அவர் காலையில் வேலைக்கு நடந்து போகும் காட்சி. வீட்டுக் கதவு மூடுகிறது, 'நோ லவ் லாஸ்ட்' பாட்டு முழுச் சத்தத்தில் தொடங்குகிறது. வரிசை வீடுகள் உள்ள தெருவில் ஒருவன் சட்டையும் டையுமாக, சிகரெட்டோடு விறுவிறுவென்று நடக்கிறான். ஏதோ பெரிய கச்சேரி மேடைக்குப் போகிறவன் மாதிரித்தான் இருக்கிறது. கேமரா பின்பக்கம் போனதும் மேலங்கியின் முதுகில் பெரிய வெள்ளை எழுத்துகளில் 'வெறுப்பு' என்ற ஆங்கில வார்த்தை. அவன் திரும்பி ஒரு கட்டடத்துக்குள் நுழைகிறான். வேலைவாய்ப்பு அலுவலகம். மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு மேஜைக்குப் போய் உட்காருகிறான்.